சேலத்துப் பாலவாடி, ஏற்காட்டு கிரச் (குழந்தைக் காப்பகம்): ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு

பாலவாடியில் சேர்ப்பது சுலபம். ஆதார், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை மூன்றையும் கொண்டுபோனால் அன்றைக்கே பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். கட்டணம் கிடையாது. மதியம் சூடான சாதம், வாரத்தில் 3 முட்டை, இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு வீட்டுக்குச் சத்துமாவு. சாப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. மாதாமாதம் போடும் எடையை மட்டும் நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றால் டீச்சரிடம் காட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

இடிப்பது நேரம். மூன்றரை, நாலு மணிக்கெல்லாம் மையத்தைப் பூட்டிவிடுவார்கள். மில் ஷிப்ட் எட்டு மணி நேரம்; சாப்பாட்டு இடைவேளை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, போக வர என்று சேர்த்தால் பத்து மணி நேரத்தைத் தொடும். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கான மத்திய அரசின் பால்னா திட்டக் காப்பகத்துக்கு வைத்திருக்கும் அளவே மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம்தான். மீதி இரண்டரை மணி நேரத்தைப் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இல்லாத வீட்டில் வேலையை விடுவது அம்மாதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வேலையை விட்ட பெண்கள் கொலுசு வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து செய்கிறார்கள். உருப்படிக் கூலி, பி.எஃப். கிடையாது. பற்றவைக்கும் நெருப்பும் ஆசிட் தண்ணீரும் குழந்தை தவழும் அறையிலேயே இருக்கும். இதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

இன்னொரு ஓட்டை, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை. பேறுகால விடுப்பு 26 வாரம், அதுவும் பதிவான வேலையில் இருப்பவர்களுக்கு. பாலவாடியில் உட்காரவைப்பது இரண்டு வயதுக்கு மேல். இடையில் ஒன்றரை வருடத்துக்குத் தூளி கட்டித் தூங்கவைக்க ஆள் எங்கே?

ஏற்காட்டு மலையில் நிலைமை வேறு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்தால் கிரச் வேண்டும் என்றது (அல்லது பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தால்). சேர்வராயன் மலையில் சின்னக் காப்பித் தோட்டங்கள் நிறைய. அதனால் கணக்குக்குள் வராமலே போய்விடும். பெண்களை மட்டும் எண்ணும் சட்டத்தில் இன்னொரு கோளாறும் உண்டு: ஐம்பதாவது பெண்ணை வேலைக்கு எடுப்பதே முதலாளிக்குச் செலவாகத் தெரியும். 2017இல் திருத்திய பேறுகாலப் பயன் சட்டம் ஆண், பெண் எல்லாரையும் சேர்த்து 50 பேர் என்று எண்ணியது. சரியான மாற்றம் அது. ஆனால் காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவர ஒரு நாளைக்கு நான்கு முறை அனுமதி தந்ததோ தாய்க்கு மட்டும்.

கிரச்சில் விடுமுன் பார்க்க வேண்டியவை: தரை ஈரம் ஏறாமல் இருக்கிறதா, தண்ணீர் காய்ச்சுகிறார்களா, ஆயா ஒருவர்தானா. ஒருவர்தான் என்றால் அவர் சமைக்கும் நேரத்தில் குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை. மார்கழிப் பனிக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் இரண்டு செட் வேண்டும். ஒன்று நனைந்தால் மறுநாளும் காயாது.

பாலவாடியிலும் ஆள் பற்றாக்குறைதான். டீச்சரைக் கணக்கெடுப்புக்கும் கூட்டத்துக்கும் வாக்காளர் பட்டியல் வேலைக்கும் கூப்பிட்டுவிடுவார்கள். உதவியாளர் பணியிடமும் காலியாக இருந்தால் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாலவாடிக்கு விடும் மே மாதக் கோடை விடுமுறை மில்லுக்குக் கிடையாது, அதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

மாலை ஆறரை வரை திறந்து வைக்க இரண்டாவதாக ஓர் உதவியாளரைக் கேட்டு எழுதுங்கள். ஊராட்சி என்றால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் மனுவாகக் கொடுக்கலாம். குழந்தையின் வயது, அம்மா அப்பா இருவரும் வேலை முடித்து வீடு சேரும் நேரம், இவற்றை அட்டவணையாகப் போடுங்கள். அப்பாக்களின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.