அழற்சிப் பரிசோதனை பாக்கேஜ்: 6,500 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

மொரீசியஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தயவுசெய்து படியுங்கள். ரோஸ் ஹில் பக்கம் 'உடல் முழுக்க அழற்சிப் பரிசோதனை' என்று விளம்பரம் செய்யும் ஒரு தனியார் லேபில் முந்தாநாள் 6,500 ரூபாயைத் தொலைத்தோம்.

அம்மாவுக்கு முழங்கால் வீங்கி ஒரே வலி. தைப்பூசக் காவடிக்கு நடக்க முடியாமல் போய்விடுமோ என்று கவலை வேறு. வெள்ளைக் கோட்டுக்காரர் அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "நானும் காவடி எடுக்கிறவன்தாம்மா, அதுக்குள்ள உங்களை நடக்க வெச்சிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அம்மா பர்ஸைத் திறந்துவிட்டார்.

விரலில் குத்தி நாலு சொட்டு ரத்தம், பத்து நிமிடத்தில் ரிப்போர்ட். சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன் இருந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) 38 என்று இருந்தது. லிட்டருக்கு மில்லிகிராமா, டெசிலிட்டருக்கா என்ற அலகே இல்லை. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்! அழற்சிக்குப் பார்க்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆருக்கு 'வெஸ்டர்கிரன் முறை' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த முறையில் ரத்தத்தை நீளக் குழாயில் செங்குத்தாக ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் எப்படி வரும்? "ரொம்ப அதிகம்" என்று பயமுறுத்தி ஒரு டப்பா மாத்திரையை வேறு நீட்டினார். நல்லவேளை, அதை வாங்கவில்லை.

மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் காசே இல்லாமல் எடுத்தபோது சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மில்லிகிராம். அது கல்லீரல் உண்டாக்கும் புரதம், அழற்சி நின்றபிறகும் பாதியாகக் குறையவே சுமார் 19 மணி நேரம் ஆகும், ஒரே இரவில் 38 போய் 3 வராது என்றார் டாக்டர். அம்மாவுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானமாம்.

லேபுக்குப் போன் செய்தால் "மேனேஜர் வெளியே போயிருக்கார்". வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால் அந்தக் காவடிக்காரர் எங்களைத் தெரியாதவர் போல உள்ளே போய்விட்டார். கவுண்டரில் இருந்த பெண், "மெஷினுக்கு மெஷின் மாறும், ரீஃபண்ட் கிடையாது, வேணும்னா மாத்திரையில கழிவு தரோம்" என்கிறாள். 6,500 ரூபாய்! அம்மா பென்ஷனில் சிறுகச் சிறுகச் சேர்த்தது.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். டாக்டர் எழுதித் தராமல் பாக்கேஜ் எடுக்காதீர்கள், சி.ஆர்.பி.யோ ஈ.எஸ்.ஆரோ அழற்சி எந்த இடத்தில் என்று காட்டாது. அலகும் கையெழுத்தும் இல்லாத ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். சோதிக்கிற இடத்திலேயே மாத்திரை விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், ஒழுங்கான ரசீது கேளுங்கள். எங்கள் 6,500க்குக் கொடுத்த துண்டுச் சீட்டில் தேதிகூட இல்லை.