தீக்காய இழப்பீட்டு வழக்கை நடத்திய வக்கீல் அலுவலகம்: 5க்கு 4

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அலுவலகத்தின் பெயரும் கெட்டில் தயாரித்த கம்பெனியின் பெயரும் கடைசியில் கிடைத்த தொகையும் இதில் வராது. சமரச ஒப்பந்தத்தில் இவற்றை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது, தங்கை அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மற்றதை எழுதலாமா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தீக்காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு அலையும் குடும்பத்துக்கு எந்த மாதிரி வக்கீல் வேண்டும் என்று எங்களுக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தண்ணீர் கொதித்ததும் எலெக்ட்ரிக் கெட்டிலைத் தூக்கினாள், கைப்பிடி தனியாகப் பிய்ந்து வந்துவிட்டது, தண்ணீர் மொத்தமும் வலது கையில் கொட்டியது. விரல்களிலும் முன்கையிலும் இரண்டாம் நிலைக் காயம், புறங்கையில் மூன்றாம் நிலை, அதாவது தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டது. அங்கே தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அவள் தையல் வேலை செய்பவள், அந்தக் கைதான் சம்பாதிக்கிற கை.

முதலில் பார்த்த வேறொரு வக்கீல் ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிப் பார்த்தார், அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து உடனே நோட்டீஸ் விடலாம், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். காயத்தைத் திறந்து பார்க்கவே இல்லை. இந்த அலுவலகத்துக்குப் போனபோது அங்கே வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீல் மேடம் கேட்ட முதல் கேள்வி, "கெட்டில் இப்போ யார்கிட்ட இருக்கு?" கடைக்காரர் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். கொடுக்கவே கூடாது என்றார் மேடம். துடைக்கக்கூடாது, கைப்பிடியை மறுபடி பொருத்திப் பார்க்கக்கூடாது, அட்டைப்பெட்டி, கையேடு, வாங்கிய ரசீது எதையும் தூக்கிப் போடக்கூடாது. எல்லாவற்றையும் படம் எடுத்து, யார் எப்போது யாரிடம் ஒப்படைத்தது என்று எழுதி, உறையில் போட்டு சீல் வைத்தார்கள். பொருள் கை மாறிவிட்டால், அது உடைந்தது அப்போதா அதற்குப் பிறகா என்று எதிர்த்தரப்பு கேட்கும், பதில் சொல்ல வழி இருக்காது.

அப்புறம் அதே மாடலில் புதுக் கெட்டில்களை வாங்கி ஒரு பொறியாளரிடம் கொடுத்தார்கள். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை, பிறகுதான் தெரிந்தது. நம் கெட்டிலில் மட்டும் கைப்பிடி இணைப்பில் பிளாஸ்டிக் மெலிந்திருந்தால் அது தயாரிப்புக் குறை, எல்லாவற்றிலும் அப்படியே இருந்தால் வடிவமைப்பே குறை. இரண்டுக்கும் வாதம் வேறு, நிரூபிக்கும் முறையும் வேறு. எச்சரிக்கை வாசகம் இல்லாதது மூன்றாவது வகை, அது எங்களுக்குப் பொருந்தாது என்று மேடம் நேரடியாகவே சொல்லிவிட்டார். பொருந்தாததைச் சேர்த்து மனுவைப் பெரிதாக்காதது எனக்குப் பிடித்திருந்தது. உடைந்த இணைப்பை அறுத்துப் பார்க்கும் சோதனைக்கு எதிர்த்தரப்பு நிபுணரையும் வரவழைத்துத்தான் செய்தார்கள்.

ஆனால் நான் இந்த மதிப்பெண் கொடுக்க முக்கியக் காரணம், எங்களைக் காத்திருக்கச் சொன்னதுதான். தோல் ஒட்டி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர்கள் மிகவும் அன்பாகப் பேசிக்கொண்டு வந்தார்கள், ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று. அந்தக் காகிதத்தில் இந்த விபத்து தொடர்பாக இனி எப்போதும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. கடன் வாங்கி டிரெஸ்ஸிங் செலவு பார்த்துக்கொண்டிருந்த நேரம், அம்மா வாங்கிவிடலாம் என்றார், எனக்கும் மனது தடுமாறியது. மேடம் தங்கையின் கையைப் பார்த்துவிட்டு, தழும்பு இன்னும் முடியவில்லை, அது எப்படி நிற்கிறது என்று தெரியாமல் விலை பேசக்கூடாது என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆழமான தீக்காயத் தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டு முதல் 2 ஆண்டு வரைகூட ஆகும். ஆறிவிட்டது என்று நினைத்த பிறகுதான் தோல் தடித்தது, சிவந்தது, ராத்திரி தூங்க முடியாத அளவுக்கு அரித்தது. விரல் இடுக்குத் தோல் இறுகி இழுக்க ஆரம்பித்தது. நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டிய அழுத்தக் கையுறை, சிலிகான் ஷீட், பிசியோதெரபி, இறுகிய தோலை விடுவிக்க இன்னொரு அறுவை சிகிச்சை. இதில் எதுவுமே ஆஸ்பத்திரியின் முதல் பில்லில் கிடையாது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் இவ்வளவும் எங்கள் தலையில்தான். குழந்தைகளுக்குப் பட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், உடம்பு வளரும் வேகத்துக்குத் தழும்புத் தோல் வளராது, அதனால் வளரும் வயது முழுக்க மறுபடி மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. சட்டத்தில் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் உடல் காய வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டு, இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2 ஆண்டு. எங்கள் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை முதல் நாளே கோப்பின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்தார்கள். நடுவில் எங்களுக்கும் வேலை கொடுத்தார்கள்: ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் கையைப் படம் எடுப்பது, எதைச் செய்ய முடியவில்லை என்று நோட்டில் எழுதுவது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அயர்ன் பாக்ஸ் பக்கம் போனால் கை எரிகிறது, தோல் ஒட்டிய இடத்தில் வியர்வை வராததால் வெயில் தாங்கவில்லை என்று அவள் எழுதியதெல்லாம் பிறகு மருத்துவ நிபுணரின் அறிக்கையில் வந்தது. அம்மா பக்கத்திலேயே இருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை பின்னி விட்டதற்கும் ஒரு தொகை கேட்டார்கள். வீட்டு ஆள் செய்தால் அது கணக்கில் வராது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆவி வந்தாலே அவள் நடுங்குவதற்கு மனநல மருத்துவரின் அறிக்கையும் வாங்கினார்கள்.

சொந்தக்காரர் ஒருவர், கெட்டில் தண்ணீர் கொட்டினதுக்கெல்லாமா கேஸ், அமெரிக்காவில் காபி கொட்டினதுக்குக் கோடி வாங்கின மாதிரியா என்றார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. அந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் முழுசாகத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். 1992இல் 79 வயது மூதாட்டி மேல் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டியது. அது 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருந்த காபி. மூன்றாம் நிலைக் காயம், தோல் ஒட்டு அறுவை சிகிச்சை. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர், கம்பெனி கொடுக்க வந்தது 800. அதற்கு முந்தைய பத்தாண்டில் 700 பேருக்கு மேல் அதே புகார் கொடுத்திருந்தது வழக்கில் வெளிவந்தது. 1994இல் ஜூரி (தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் குழு) விதித்த பெரிய தொகையை நீதிபதி 6,40,000 டாலராகக் குறைத்தார், அதற்கும் பிறகு இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்கு சமரசம் செய்துகொண்டார்கள். 60 டிகிரித் தண்ணீரே 5 வினாடியில் பெரியவர்களின் தோலை ஆழமாகச் சுட்டுவிடும், கொதிக்கிற தண்ணீருக்குக் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் கிடையாது.

அந்த வழக்கில் மூதாட்டி மீதும் 20 சதவீதத் தவறு என்று ஜூரி கழித்தது. எங்கள் எதிர்த்தரப்பும் அதைத்தான் பிடித்தது: நிரம்ப ஊற்றினாளா, முன்பே கைப்பிடி ஆடியதா, பட்டவுடன் என்ன செய்தாள். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டினாள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தது பெரிய உதவியாக இருந்தது. டாக்டரிடம் முதலுதவி பற்றிச் சொல்வதை அவர் எழுதிக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

சரி, ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது? போன் எடுக்கவே மாட்டார்கள். குமாஸ்தாவிடம் சொன்னால் மேடம் கூப்பிடுவார் என்பார், வாரக்கணக்கில் கூப்பிட மாட்டார். வாய்தா தள்ளிப்போனதை நாங்கள் அங்கே போய் நின்ற பிறகு சொன்னது ரொம்ப மோசம், கையில் கட்டோடு ஒருத்தியை அலைய வைக்கக்கூடாது. இன்னொன்று பணம். கட்டணம் கட்டம் கட்டமாக, எவ்வளவு என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார்கள், அதில் குறை இல்லை. ஆனால் பொறியாளர், மருத்துவ நிபுணர் செலவு தனி என்பதைப் பாதி வழியில்தான் சொன்னார்கள், அதற்கு நகை அடகு வைக்க வேண்டியிருந்தது. ஜெயித்தால் பங்கு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் சாதாரணம், பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு போகும். இந்தியாவில் வக்கீல்கள் அப்படி வாங்க பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. எந்த முறையாக இருந்தாலும் நிபுணர் செலவு யாருடையது, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு நம் மேல் விழுமா என்ற இரண்டையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னக் காயம், தழும்பில்லாமல் ஆறிவிட்டது என்றால் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, கடைக்கும் கம்பெனிக்கும் ஒரு நோட்டீஸ் விட்டாலே பல நேரம் முடிந்துவிடும். தோல் ஒட்டும் அளவுக்குப் போயிருந்தால், முகம், கை, மூட்டு என்று படாத இடத்தில் பட்டிருந்தால், காயத்தைப் பார்க்காமல் பில்லை மட்டும் பார்க்கிற வக்கீலிடம் கொடுக்காதீர்கள்.