லைவில் சேலையா, ஆப்பில் சேலையா?

சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலையை இன்ஸ்டாகிராம் லைவில் பார்த்து வாங்குவது தனி சுகம். கடைக்கார அக்கா முந்தானையை விரித்து, துணியைக் கையில் கசக்கிக் காட்டுவார். "பார்டரைக் கிட்டக் காட்டுங்கக்கா" என்றால் உடனே காட்டுவார். துணியின் கனம், மடிப்பு விழும் விதம் எல்லாம் அங்கேயே பிடிபடும். ஆனால் பணம் முன்கூட்டியே ஜிபேயில் போய்விடும். பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் கிழிசலுக்குக்கூடப் பலர் மாற்றித் தருவதில்லை; போன தீபாவளிக்கு எனக்கு அப்படித்தான் ஆனது.

பெரிய ஷாப்பிங் ஆப்பில் படம்தான். ஆனாலும் வாங்கியவர்கள் போட்ட போட்டோக்கள் உண்டு, பெரும்பாலும் திருப்பி அனுப்பலாம். 2020 மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை ஆப் நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும்.

அளவுச் சிக்கல் உள்ள குர்திக்கு எனக்கு ஆப்தான். சேலைக்கு லைவ், அதுவும் தெரிந்தவர்கள் ஏற்கெனவே வாங்கிய பக்கத்தில் மட்டும்.