போனில் ஏஐயா, சனலில் இன்னொரு டொக்டரா?

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் கொடுத்திருக்கிறார்கள். போட்டால் வயிறு குழம்புகிறது. டொக்டர் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சந்தேகத்தை யாரிடம் கேட்பது? ஹட்டனிலோ கண்டியிலோ இன்னொரு டொக்டரை சனல் பண்ணலாம், அதாவது காசு கட்டித் தனியாகப் பார்க்கலாம். இல்லையென்றால், 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி மாதிரி ஏதாவது ஒரு ஏஐயிடம் கேட்கலாம்.

சனல் என்றால் காசும் போகும், அன்றைய பேரும், அதாவது தோட்டத்து நாள் சம்பளமும், போகும். ஆனால் அவர் கிளினிக் கொப்பியைப் புரட்டுவார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். அவரும் அதே மருந்தைச் சொன்னால் முதல் டொக்டர் மேல் நம்பிக்கை கூடும்.

ஏஐ ராத்திரியிலும் தமிழில் பொறுமையாகப் பதில் சொல்லும். 'சாப்பாட்டோடு போடுங்கள்' என்று அது சொல்வது சரிதான். சிக்கல் அடுத்த வரியில்: சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்தில் கவனம் தேவை என்றும் வரும். அதை வாசித்ததும், "கிட்னியக் கெடுக்கிற மருந்தத் தந்துட்டாங்க" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். டொக்டரிடமும் சொல்லமாட்டார்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த விவரம் கொப்பியில் இருக்கிறது; போனுக்கு அது தெரியாது.

என்னைக் கேட்டால், ஏஐயிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். "என் கிட்னி ரிப்போர்ட் இந்த மருந்துக்குச் சரியா, டொக்டர்?" என்பதை அதனிடமே சிங்களத்தில் எழுதி வாங்கி, கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் இரண்டுமே வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.