நீள ஸ்டேப்லர்: டர்பனில் சொந்தமாகச் சிற்றிதழ் கட்டுவோருக்கு

ஏ4 தாளை நடுவில் மடித்தால் மடிப்பு விளிம்பிலிருந்து 148.5 மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது. மேசையில் இருக்கும் சாதாரண ஸ்டேப்லரின் வாய் அதுவரை எட்டாது. அதனால்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கோயில் பாட்டுப் புத்தகமோ ஆயாவின் (பாட்டியின்) சமையல் குறிப்போ அச்சிடுகிறவர்கள், பிரதியை அச்சுக் கடைக்காரரிடமே கட்டக் கொடுத்துவிட்டு அவருக்கு வசதிப்படும் நாள்வரை காத்திருக்கிறார்கள். இல்லையென்றால் ஸ்டேப்லரைத் திறந்து அட்டைமேல் வைத்து அழுத்தி, பின்னின் கால்களைக் கரண்டியின் முதுகால் மடக்குகிறார்கள். ஐந்து பிரதிக்கு அது சரி. ஐம்பதுக்கு விரல் தாங்காது.

300 மில்லிமீட்டர் வாய் உள்ள நீள ஸ்டேப்லர் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஏ4 தாளை மடித்த ஏ5 புத்தகத்துக்கும், ஏ3 தாளை மடித்த ஏ4 புத்தகத்துக்கும் (அங்கே மடிப்பு 210இல்) ஒரே கருவி போதும். விலை சாதாரண ஸ்டேப்லரைப் போலப் பல மடங்கு. தனி ஆள் வாங்குவதைவிடச் சங்கமோ தமிழ் வகுப்போ சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைப்பதே நல்லது. மின்சாரம் வேண்டாம் என்பது இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. அச்சு முடிந்துவிட்டால் மின்வெட்டிலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கட்டலாம்.

கருவியின் அடித்தட்டில் அளவுகோலும் நகர்த்தக்கூடிய தடுப்பும் இருக்கும். அளவுகோலை அப்படியே நம்பவேண்டாம். சில கருவிகளில் எண்கள் பின் இறங்கும் இடத்திலிருந்து தொடங்குவதில்லை. வேண்டாத தாளில் ஒரு பின் போட்டு, விளிம்பிலிருந்து அதுவரை அளந்து, 148.5 வரும்வரை தடுப்பை நகர்த்திவிட்டுப் பிறகு இறுக்குங்கள். திருகு தளர்ந்தால் இருபதாவது பிரதிக்குள் பின் மடிப்பைவிட்டு ஒதுங்கிவிடும். பத்துப் பிரதிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

வேலை முறை இதுதான். ஒவ்வொரு தாளையும் தனியாக மடித்து நகத்தால் தேய்த்து மடிப்பை உறுதிசெய்யுங்கள். விரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அட்டையின் வெளிப்பக்கம் மேலே பார்க்க, குறுகிய விளிம்பு தடுப்பில் முட்ட உள்ளே தள்ளுங்கள். முதுகின், அதாவது மடிப்பின், நீளம் 210 என்றால் மேலிருந்தும் கீழிருந்தும் 52 மில்லிமீட்டரில் ஒவ்வொரு பின். அரைகுறையாக அழுத்தினால் கால் மடங்காமல் நிமிர்ந்து நிற்கும், குழந்தைகளின் விரலைக் கீறும். ஒரே வீச்சில் முழுதாக அழுத்த வேண்டும்.

பின் வகையில் கவனம் வேண்டும். 24/6 என்றால் கம்பி தடிப்பு, 26/6 மெல்லியது. இரண்டிலும் கால் 6 மில்லிமீட்டர். எட்டுத் தாளுக்குள் என்றால் 26/6 அழகாகப் படுகிறது. அதற்கு மேல் 24/6. எங்கள் கடலோர ஈரத்தில் சாதாரணப் பின் சில மழைக்காலத்திலேயே துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை வைக்கும். குடும்பத்தில் வைத்துக் காக்கவேண்டிய பிரதிகளுக்குப் பின்னை விட்டுவிட்டு, மூன்று துளையிட்டு நூலால் தையுங்கள். நூல் முதுகின் இரண்டரை மடங்கு, அதாவது 52.5 சென்டிமீட்டர்.

கட்டுமுன் அச்சில் கெடுவதுதான் அதிகம். 16 பக்கம் என்றால் நான்கு தாள். வெளித்தாளின் ஒரு முகத்தில் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. மறுமுகத்தில் 2, 15. கடையில் இருபக்க அச்சைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள். நீள விளிம்பு என்று விட்டுவிட்டால் பின்பக்கம் எல்லாம் தலைகீழ். எப்போதும் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்துப் புரட்டிப் பார்த்த பிறகே மீதிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கோப்பைப் பி.டி.எஃப்.பாக, எழுத்துருவை உள்ளே பதித்துக் கொண்டுபோங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சியதைக் கடைக் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். தமிழ் எழுத்தின் அளவை 11 பாயிண்டுக்குக் கீழே இறக்காதீர்கள். நகலின் நகலெடுத்தால் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்து ணகர, னகரச் சுழிகள் அடைபடும். மூலப் பிரதியிலிருந்தே ஒவ்வொரு முறையும் எடுங்கள். அட்டையை முழுக்கருப்பாக வைத்தால் மடிப்பில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். மடிப்பை ஒட்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுவது நல்லது.

பத்துத் தாள் தாண்டினால் உள்தாள்கள் வெளித்தாளைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொள்ளும். எஃகு அளவுகோலும் புதுப் பிளேடும் வைத்து ஓரத்தைச் சீவுங்கள். அதற்காகவே வெளி ஓரத்தில் 10 மில்லிமீட்டராவது எழுத்தில்லாமல் விடவேண்டும்.

இத்தனை மெனக்கெட ஏன்? 1903இல் டர்பனில் தொடங்கிய, காந்தி நடத்திய இந்தியன் ஒப்பீனியன் வாரப் பத்திரிகை தமிழிலும் வந்தது. மறு ஆண்டு காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அச்சகம் போனபோது எஞ்சின் ஓடாமல், அங்கிருந்து வரவேண்டிய முதல் இதழுக்காக இரவெல்லாம் கைச்சக்கரத்தைச் சுற்றினார்கள். ஆனால் தமிழ்ப் பக்கங்கள் 1906இல் நின்றன. அந்த வேலையைத் தொடர்ந்து பார்க்கத் தகுந்த ஆள் கிடைக்கவில்லை. பெரிய பத்திரிகையில் தமிழுக்கு இடம் இப்படித்தான் வரும், போகும். மடித்துக் கட்டத் தெரிந்த நான்கு பேர் ஒரு தெருவில் இருந்தால் அந்தத் தெருவின் தமிழ் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. ஆயாவின் தாலாட்டையோ கும்மியையோ எந்தப் பதிப்பகமும் ஐம்பது பிரதி அடித்துத் தராது. நாம்தான் அடிக்க வேண்டும்.

எதை இதழாக்கலாம் என்றால், 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பதிவேடு நல்ல தொடக்கம். குடும்பத்தின் பதிவு எண் தெரிந்தால் ஊர், தாலுகா, கப்பல் பெயர் கிடைக்கும். டர்பன் வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் இதற்கு உதவும். எட்டுப் பக்கம் போதும்: ஒரு பக்கம் பதிவேட்டு வரி, ஒரு பக்கம் வம்சம், மீதியில் வீட்டுப் பாட்டும் சமையலும். பாட்டுக்குத் தமிழ் வரி, அடியில் ரோமன் எழுத்தில் ஒலி, அதன்கீழ் ஆங்கிலப் பொருள் என்று மூன்று வரி கொடுங்கள். இளையவர்களில் பலருக்குத் தமிழெழுத்து தெரியாது என்பதற்காகத் தமிழ் வரியை எடுத்துவிடாதீர்கள். அதைப் பார்த்தாவது படிக்க ஆசை வரட்டும். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் படத்தையும் அவர்கள் சம்மதமில்லாமல் போடவேண்டாம்.

கொடுப்பதற்கு ஈஸ்டர் சமயம் நல்ல வாய்ப்பு. டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் அப்போது கூட்டம் நிரம்பி வழியும். நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு பிரசாதம் வாங்கும் இடத்துக்கு அருகே வையுங்கள். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. ஒரு பிரதியை ஆவண மையத்திலும் கொடுத்து வையுங்கள்.

கருவியின் குறைகளும் உண்டு. கனமும் நீளமும் அதிகம், பையில் அடங்காது. பின் சிக்கினால் முன்வாயில் வளைந்த பின்னை மெல்லிய இடுக்கியால் எடுக்கவேண்டும், கத்தியால் குடைந்தால் தகடு வளைந்து கருவியே வீணாகும். வேறு வேறு கம்பெனிப் பின்களை ஒரே தடத்தில் கலந்து போட்டாலும் அடிக்கடி சிக்கும். வாங்கும்போது கடையிலேயே எட்டுத் தாள் வைத்து ஐந்து பின் போட்டுப் பாருங்கள். கால்கள் இரண்டும் தட்டையாகப் படியவில்லையென்றால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.