யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி ரேடியோ 4இன் ஞாயிறு: நெடுநாள் பாவனையில் தெரிந்தவை

பிபிசியின் உள்நாட்டுப் பேச்சு வானொலியான ரேடியோ 4இன் ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சாப்பாட்டோடுதான் சூடு பிடிக்கும். காலையில் எழும்பித் திறப்பவருக்கு வேறொரு நிலையத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். பிழை ஒன்றுமில்லை. இலண்டனில் இரவு 1 மணியிலிருந்து அதிகாலை 5 மணி தாண்டும்வரை ரேடியோ 4 தன் நேரத்தை பிபிசி உலக சேவைக்குக் கொடுத்துவிடுகிறது. அது எங்களுடைய காலை 10 மணி, குளிர்காலத்தில் 11 மணி வரை நீளும். அதன்பிறகு ஏதோ ஒரு தேவாலயத்தின் மணியோசை கேட்கும். ஞாயிறு திறந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நல்லூர் மணியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது முதலில் புரியாது, ஏனென்றால் அதில் மெட்டு இல்லை. மணிகள் அடிக்கப்படும் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் மாறும். ஆறு மணிகள் என்றால் 720 வரிசைகள். மெட்டைத் தேடாமல் வரிசை மாறுவதைக் கவனித்தால் இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும்.

நேரக் கணக்கில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இங்கிலாந்துக்கும் எங்களுக்கும் கோடையில் 4 மணித்தியாலம் 30 நிமிடம், குளிர்காலத்தில் 5 மணித்தியாலம் 30 நிமிடம் வித்தியாசம். அந்த மாற்றம் நடப்பதும் ஞாயிறுகளில்தான்: மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறும், இரண்டுமே எங்கள் நேரம் காலை 6.30க்கு. மார்ச்சில் எல்லா நிகழ்ச்சியும் ஒரு மணித்தியாலம் முந்தும், ஒக்ரோபரில் ஒரு மணித்தியாலம் பிந்தும். போனில் யாழ்ப்பாண நேரத்துக்கு அலாரம் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு நாட்களிலும் கட்டாயம் ஏமாறுவார்கள். உலகக் கடிகாரத்தில் இலண்டனைச் சேர்த்து, நிகழ்ச்சி நேரத்தை இலண்டன் கணக்கிலேயே நினைவில் வைப்பதுதான் பாதுகாப்பு. கீழே சொல்பவை இங்கிலாந்தின் கோடைக்கான யாழ்ப்பாண நேரங்கள். குளிர்காலத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிற்றலையில் தேடிப் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் பிபிசி என்றால் இரவு 9.15க்கு வந்த தமிழோசை நினைவுக்கு வரும். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட ஊர் இது. அந்தத் தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30இல் நின்றது. ரேடியோ 4 உள்நாட்டுச் சேவை. அதன் 198 கிலோஹேர்ட்ஸ் நெட்டலை பிரித்தானியாவுக்கும் சுற்றுக் கடலுக்கும் உரியதாகவே இருந்தது, எங்களை எட்டியதில்லை. இணையம் ஒன்றுதான் வழி. 2025 ஜூலையில் பிபிசி சவுண்ட்ஸ் செயலி வெளிநாடுகளுக்கு மூடப்பட்டது. இப்போது பிபிசியின் பொது இணையத்தளத்திலும் பிபிசி செயலியிலும் நேரடி ஒலிபரப்பைக் கேட்கலாம். பழைய செயலியைப் போனில் வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை என்று தவிக்க வேண்டாம்.

டேட்டாவுக்குப் பயப்படத் தேவையில்லை. ஒலி விநாடிக்கு 48 கிலோபிட் வேகத்தில் வந்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 22 மெகாபைட், 96 என்றால் 43. மத்தியானம் தொடங்கி எட்டு மணித்தியாலம் ஓடவிட்டாலும் 350 மெகாபைட்டைத் தாண்டாது. பேச்சுக்குக் குறைந்த வேகமே போதும். அடிக்கடி வரும் முறைப்பாடு, திரையை அணைத்தால் பத்து நிமிடத்தில் ஒலியும் நின்றுவிடுகிறது என்பது. அது பெரும்பாலும் இணையத்தின் குற்றம் அல்ல. பற்றறியைச் சேமிப்பதற்காகப் போனே செயலியை நிறுத்திவிடுகிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பற்றறிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரி. மாரியில் கரண்ட் போகும் வீடுகளுக்கு ரவுட்டருக்கான சிறிய யுபிஎஸ் ஒன்று போதும். வாங்குமுன் ரவுட்டர் அடப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்றும், எத்தனை அம்பியர் என்றும் பாருங்கள். வோல்ட் மாறினால் ரவுட்டர் பழுதாகும். அம்பியர் குறைந்தால் நிமிடத்துக்கு நிமிடம் அணைந்து அணைந்து எரியும்.

மணிக்கு மணி வரும் ஆறு 'பிப்' ஒலிகளை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்யாதீர்கள். ஐந்து குட்டையானவை, ஆறாவது நீளமானது. அந்த ஆறாவது தொடங்கும் கணமே சரியான மணி. 1924 பெப்ரவரி 5 முதல் வரும் ஒலி அது. ஆனால் இணையத்தில் வரும் ஒலி துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பப்படுவதால் அரை நிமிடமோ அதற்கும் மேலோ பிந்தியே எங்கள் காதுக்கு வரும்.

இனி நிகழ்ச்சிகள். 12.40க்கு வழிபாடு, 1.30க்கு வாரச் செய்திகளை ஆறுதலாக அலசும் ஒரு மணித்தியாலம். இங்கிலாந்து அரசியலில் ஈடுபாடு இல்லாதவர்கள் இரண்டையும் விட்டு 2.30க்குச் சேர்ந்துகொள்ளலாம். அப்போது வருவது 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்'. 1942 ஜனவரி 29இல் தொடங்கியது. ஆளில்லாத் தீவுக்குக் கொண்டுபோக விருந்தினர் எட்டு இசைத்தட்டுகள், ஒரு புத்தகம், ஒரு சொகுசுப் பொருள் தெரிவு செய்யவேண்டும். பைபிளும் ஷேக்ஸ்பியரும் ஏற்கெனவே தீவில் இருக்கும். இதை நேரடியாகவே கேளுங்கள். பொட்காஸ்ட் வடிவத்தில் இசையுரிமை காரணமாகப் பாட்டுகள் வெட்டப்படுகின்றன. விருந்தினர் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லித் தொண்டை கரகரக்கும் இடத்தில் அந்தப் பாட்டும் கொஞ்சம் நீளமாக ஓடவேண்டும்.

3.30க்கு 'தி ஆர்ச்சர்ஸ்' வாரத் தொகுப்பு. (இதுவும் முந்தையதும் 2024 ஏப்ரலில் இடம் மாறிக்கொண்டன, பழைய நேரத்தை நம்பி வருபவர்கள் கவனிக்க.) 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகும் கிராமத்து நாடகம். போருக்குப் பிந்திய உணவுத் தட்டுப்பாட்டில் விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கதையாகச் சொல்லிக்கொடுக்கவே உருவானது. எங்கள் காதுக்கு இதுதான் ஆகக் கடினம்: ஆட்கள் பலர், உச்சரிப்பு நாட்டுப்புறம், யார் பேசுகிறார் என்று சொல்லமாட்டார்கள். பண்ணைகளை வைத்துப் பிடியுங்கள். புரூக்ஃபீல்ட், பிரிட்ஜ் ஃபாம், ஹோம் ஃபாம் என்று ஒரு தாளில் மூன்று நிரல் போட்டு, பெயர் காதில் விழ விழ அதனதன் கீழே எழுதினால் ஒரு மாதத்தில் ஊர் முழுவதும் பழகிவிடும். பதின்மூன்று நிமிடத் தனிப் பகுதிகளிலிருந்து தொடங்கினால் பிடிகொடுக்காது, தொகுப்பிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

5.30க்கு அரை மணித்தியாலச் செய்தி. அதைத் தாண்டி 6.30க்கு வரும் 'கார்டனர்ஸ் குவெஸ்சன் டைம்' 1947இலிருந்து நடக்கும் தோட்டக் கேள்வி பதில். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும், ஆனால் மொழிபெயர்த்துக் கேட்கத் தெரியவேண்டும். அவர்கள் 'ஹார்டி' என்றால் உறைபனியைத் தாங்கும் என்று அர்த்தம். எங்கள் வெயிலைத் தாங்கும் என்றல்ல. 'முழு வெயில்' என்பது அவர்களுடைய மெல்லிய வெயில். அதே செடிக்கு இங்கே மத்தியானத்தில் கிடுகு மறைப்பு வேண்டும். பனி, நத்தை பற்றிய பதில்களைக் கடந்துபோங்கள். சுண்ணாம்பு நிலத்திலிருந்து வரும் கேள்விகளை மட்டும் விடவேண்டாம். அங்கே சுண்ணாம்பு நிலத்தில் அசேலியா மஞ்சளாவதும், இங்கே சுண்ணக்கல்லுக்கு மேல் நிற்கும் வெட்சி மஞ்சளாவதும் ஒரே நோய்: இளம் இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. தொட்டிச் செடிக்குக் கிணற்றுத் தண்ணீரை விட்டு மழைத்தண்ணீர் ஊற்றுவதே முதல் மருந்து. வேர் எடுக்கக்கூடிய வடிவில் இரும்பைப் பிடித்துவைக்கும் உரமான இரும்புச் சீலேட் வாங்கினால் ஈடிடிஎச்ஏ வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈடிடிஏ வகை காரமண்ணில் நிலைக்காது.

இரவு 7.30 நாடகம் நல்ல ஹெட்போன் கேட்கும். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு 10.24க்குக் கடல் வானிலை. காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பு என்று கேட்டுப் பழகிய கரையோர மக்களுக்கு இதன் தாளம் உடனே பிடிக்கும். பிரித்தானியாவைச் சுற்றிய 31 கடற்பகுதிகள், மொத்தம் 350 சொல்லுக்குள். முதலில் புயல் எச்சரிக்கை, பிறகு பொது நிலை, பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் காற்றுத் திசை, வலு, மழை, பார்வைத்தூரம் என்ற ஒழுங்கு மாறாது. வெறும் எண் வந்தால் அது போஃபர்ட் அளவில் காற்றின் வலு. 8 என்றால் 34 முதல் 40 நொட். காற்று எப்போது வரும் என்பதற்கும் சொற்கள் உண்டு: 'இம்மினன்ட்' என்றால் 6 மணித்தியாலத்துக்குள், 'சூன்' 6 முதல் 12, 'லேற்றர்' 12 முதல் 24. கடைசியில் 'குட்' என்று மட்டும் வந்தால் 5 கடல் மைலுக்கு மேல் பார்வை தெளிவு என்று பொருள். ஆங்கிலம் கேட்டுப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி இந்த நிலையத்தில் இல்லை: சொற்கள் கொஞ்சம், வாசிப்பு நிதானம், பொருள் துல்லியம்.

10.45க்கு அந்த வாரத்தில் வந்தவற்றிலிருந்து தெரிவு செய்த துண்டுகள். வாரநாட்களில் கேட்க நேரமில்லாதவர்கள் இதிலிருந்து அடுத்த வாரத்துக்கான பட்டியலை எழுதிக்கொள்ளலாம். 11.30க்கு ஆர்ச்சர்ஸின் புதிய பகுதி. பின்னேரம் கேட்ட தொகுப்பு வெள்ளியோடு முடிந்திருக்கும், கதை இங்கே தொடரும். போனில் ஒலியைத் தானாக நிறுத்தும் உறக்க நேரக்கணிப்பை 11.45க்கு வையுங்கள். குளிர்காலத்தில் 12.45 ஆக்க மறக்கவேண்டாம், அப்போது இங்கே திங்கட்கிழமை பிறந்திருக்கும்.