குளிர்காலக் கராஜுக்குப் புரொபேனா, மின்சாரமா?

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்களில் பலருக்கு, வீட்டோடு ஒட்டியபடி ஒரு கார் நிற்கும் அளவில் ஒரு கராஜ் இருக்கும். கோடையில் அங்கே மரவேலை, சைக்கிள் திருத்தம், பிரேக் மாற்றுதல் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டேயிருக்கும். நவம்பர் கடைசியில் எல்லாம் நின்று, ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கும். இடையிலுள்ள மாதங்களை இழக்க மனமில்லாமல் ஹீற்றர் தேடிப் போனால், கடையில் முதலில் கண்ணில் படுவது சிலிண்டரில் பொருத்தி எரிக்கும் புரொபேன் ஹீற்றர். அதற்கடுத்தது 240 வோல்ட் மின்சார ஹீற்றர். புகைக்குழாயுடன் பொருத்தும் இயற்கை எரிவாயு ஹீற்றரும், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீற் பம்ப்பும் கூடுதல் செலவு கோருபவை. நான் ஒரு குளிர்காலம் புரொபேனுடன் வேலை செய்துவிட்டு, பிறகு 5 கிலோவாட் மின்சார ஹீற்றர் ஒன்றைக் கூரையில் தொங்கவிட்டேன். என் சாய்வு மின்சாரத்தின் பக்கமே. அதற்கான காரணத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எவ்வளவு சூடு தேவை என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. கராஜை வரவேற்பறை போல 21 பாகையில் வைத்திருக்க வேண்டியதில்லை. கம்பளிச் சட்டையுடன் நின்று வேலை செய்பவருக்கு 10 முதல் 12 பாகை செல்சியஸ் போதும். தச்சு வேலைக்கான பசைகளில் பலவும் நீர்க்கலப்புப் பூச்சுகளும் ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே சரியாக இறுகுவதில்லை; லித்தியம் மின்கலங்களை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் 5 பாகை, ஆள் இருக்கும்போது 12 பாகை என்பதே என் இலக்கு.

வெப்பக் காப்பைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. எந்த ஹீற்றரை வாங்கினாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான். கதவின் அடிப்பட்டை ரப்பரையும் இரு பக்கத்துக் காற்றடைப்புப் பட்டைகளையும் மாற்றுவது மிகக் குறைந்த செலவில் மிக அதிக பலன் தரும் வேலை. 5 சதுர மீட்டர் பரப்புள்ள வெறும் தகரக் கதவு, உள்ளும் வெளியும் 20 பாகை வேறுபடும்போது சுமார் 600 வாட் வெப்பத்தை வெளியே விடும்; ஆர் 12 காப்புள்ள கதவில் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) அது கணக்குப்படி 50 வாட்டாகக் குறையும். மூட்டுகளின் வழியே கசிவதையும் சேர்த்தால் நடைமுறையில் அதைவிடக் கூடும், ஆனாலும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும்தான்.

புரொபேனின் நன்மைகள் வெளிப்படையானவை. வாங்கும் விலை குறைவு, வயர் இழுக்க வேண்டியதில்லை, பற்றவைத்த உடனேயே மணிக்கு 30,000 பி.ரி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 9 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். அதே வெப்பத்தை மின்சாரத்தில் பெற வேண்டுமென்றால் வீட்டின் மின்பலகையிலேயே இடம் தேட வேண்டியிருக்கும். இத்தனை வசதி இருந்தும் நான் அதைக் கைவிட்டதற்குக் காரணம் எரிபொருளின் விலை அல்ல, தண்ணீர்.

புரொபேன் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் உண்டாகும். எரிபொருளைவிட நீரின் எடையே அதிகம். பார்பிக்யூவுக்குப் பயன்படுத்தும் வழக்கமான சிலிண்டரில் 9 கிலோ புரொபேன் இருக்கிறது என்றால், அது தீரும்போது கராஜுக்குள் 14 லீட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை ஆவியாக விட்டிருக்கும். மேலே சொன்ன 9 கிலோவாட் ஹீற்றரை முழு வேகத்தில் எரித்தால் மணிக்கு ஒரு லீட்டர். புகைக்குழாய் இல்லாத ஹீற்றரில் இந்த ஆவி போவதற்கு வேறு வழியே இல்லை. 3.3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கராஜின் காற்று ஏறத்தாழ 53 கன மீட்டர். 10 பாகையில் அவ்வளவு காற்றும் சேர்ந்து தாங்கக்கூடிய மொத்த ஈரம் அரை லீட்டர்தான். அரை மணி நேரத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த எதுவோ அங்கே போகும். கராஜில் மிகக் குளிர்ந்தவை இரும்புச் சாமான்கள்தான்.

காற்று விரைவாகச் சூடாகும், வார்ப்பிரும்பு ஆகாது. மேசை வாளின் கனத்த இரும்புத் தட்டு, காற்று 12 பாகையைத் தொட்ட பிறகும் நெடுநேரம் உறைநிலையை ஒட்டியே இருக்கும். 15 பாகையில் பாதி ஈரப்பதமுள்ள சாதாரணக் காற்றுகூட 5 பாகைக்குக் கீழே உள்ள பரப்பைத் தொட்டால் துளியாகப் படியும். புரொபேன் எரியும் கராஜில் ஈரப்பதம் பாதியோடு நிற்பதில்லை. வாளின் தட்டிலும் உளிகளின் அலகிலும் வைஸின் தாடையிலும் மெல்லிய நீர்ப்படலம் தோன்றி, வேலை முடிந்து ஹீற்றரை அணைத்ததும் அப்படியே தங்கி, அடுத்த வாரம் பழுப்புப் புள்ளிகளாக மாறியிருக்கும். மெழுகு தடவினால் தாமதமாகும், நிற்காது. கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் ஆவி வெளியேறும். அதோடு சூடும் வெளியேறும்.

மின்சார ஹீற்றர் காற்றில் ஒரு சொட்டு நீரையும் சேர்ப்பதில்லை. மைனஸ் 5 பாகையில் உள்ள வெளிக்காற்று எவ்வளவு நிறைந்திருந்தாலும் கன மீட்டருக்கு மூன்றரைக் கிராமுக்கு மேல் ஈரம் கொண்டிருக்க முடியாது. அந்தக் காற்றை உள்ளே விட்டு 12 பாகைக்குச் சூடாக்கினாலும் அதன் ஈரம் அதே மூன்றரைக் கிராம்தான். ஆகவே அது படியத் தொடங்கும் வெப்பநிலையும் மைனஸ் 5 ஆகவே நீடிக்கும். இரும்பு அதைவிடக் குளிர்ந்திருந்தாலொழிய அதன்மேல் துளி தோன்றாது. இரண்டு ஹீற்றர்களுக்கும் இடையே கருவிகளின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேறுபாடு இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சனவரியில் இடையிடையே வரும் உருகல் நாட்களில், வெளியே திடீரென்று 6 பாகையும் மழையுமாக இருக்கும்போது, ஈரக் காற்று உள்ளே புகுந்து உறைந்து கிடக்கும் இரும்பில் படிகிறது. ஹீற்றரே இல்லாத கராஜிலும் துரு ஏறுவதற்கு முக்கியக் காரணம் இந்த நாட்கள்தான். தெர்மோஸ்டாட் உள்ள மின்சார ஹீற்றரை 5 பாகையில் விட்டுவிட்டு உள்ளே போகலாம். இரும்பு ஒருபோதும் ஆழமாகக் குளிர்வதில்லை. புரொபேன் ஹீற்றரை ஆள் இல்லாமல் எரியவிட முடியாது, விடவும் கூடாது.

எரியும்போது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஒட்டிய கராஜில் எரிவது எதுவானாலும் அதன் புகை வீட்டுக்குள் வரும் வழியைத் தேடும். ஒன்ராறியோவில் ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளுக்குக் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதனால்தான். சில புரொபேன் ஹீற்றர்களில் ஆக்சிஜன் குறைந்தால் அணைந்துவிடும் உணரி இருக்கிறது. அது கார்பன் மொனொக்சைட்டை அளப்பதில்லை. பல மாதிரிகளின் லேபிளில் வீட்டுக் கட்டடத்துக்குள் பயன்படுத்தக் கூடாது என்றே எழுதியிருக்கும். சிலிண்டரையும் கராஜுக்குள் வைத்திருக்கக் கூடாது, வெளியேதான் வைக்க வேண்டும். வெளியே மைனஸ் 20 பாகையில் கிடந்த சிலிண்டரில் ஆவியழுத்தம் குறைந்திருப்பதால், நமக்கு மிகவும் தேவைப்படும் நாளில்தான் சுடரும் சோர்ந்து போகும்.

மின்சாரத்துக்கும் தடைகள் உண்டு. 5 கிலோவாட் ஹீற்றர் 240 வோல்ட்டில் ஏறத்தாழ 21 அம்பியர் இழுப்பதால், தனியாக 30 அம்பியர் பிரேக்கரும் 10 கேஜ் தடிமனுள்ள செம்பு வயரும் வேண்டும். ஒன்ராறியோவில் இந்த வேலையைக் கூலிக்குச் செய்ய உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே அனுமதி. எவர் செய்தாலும் மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துச் சோதனை பெற வேண்டும். 100 அம்பியர் இணைப்புள்ள பழைய வீட்டில் மின்கார் சார்ஜரும் இருந்தால் இடம் போதாமல் போகலாம். ஹீற்றர் வாங்குவதற்கு முன் இதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பிளக்கில் செருகும் 1500 வாட் ஹீற்றர் இதற்கு மாற்றாகாது: அது 12.5 அம்பியரை எடுத்துக்கொள்வதால், அதே இணைப்பில் வாளை ஓட்டியதும் 15 அம்பியர் பிரேக்கர் விழுந்துவிடும்.

ஓட்டச் செலவைப் பொறுத்தவரை, முதல் ஒரு மணி நேரம் முழு வேகத்திலும் பிறகு பாதிக்கும் குறைவாகவும் ஓடினால், ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் வேலைக்கு 15 கிலோவாட் மணிக்குள் அடங்கும். நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்தில் சனி, ஞாயிறு முழுவதும், வாரநாட்களில் இரவு 7 மணிக்குப் பிறகும் குறைந்த கட்டணம் என்பது, ஓய்வு நேரத்தில் வேலை செய்பவருக்குத் தானாகவே அமையும் வசதி. செலவு ஏறுவது 5 பாகையில் நிறுத்தி வைப்பதில்தான். வெளியே மைனஸ் 5 இருக்கும்போது சுமாராகக் காப்பிட்ட ஒரு கராஜ் இடைவிடாமல் 700 வாட் கேட்டால், நாளொன்றுக்கு 17 கிலோவாட் மணி ஆகும். வீட்டோடு பகிரும் சுவர்கள் இரண்டிருந்தால் இது நன்றாகக் குறையும். குறைந்த கருவிகளே வைத்திருப்பவர் அவற்றை வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிட்டு இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

இரண்டு கார் கராஜில் தினமும் வேலை செய்பவராக இருந்தால் என் பரிந்துரை மாறும். அவருக்குப் புகைக்குழாயுள்ள இயற்கை எரிவாயு ஹீற்றரே சரி. அது உண்டாக்கும் நீராவி குழாய் வழியே வெளியேறிவிடும். அதே வெப்பத்துக்கு எரிவாயுவின் விலை மின்சாரத்தைவிடக் குறைவு, 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கார்பன் கட்டணமும் நீங்கிவிட்டது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் மரத்தூள் சுடரை அணுகாது. உரிமம் பெற்றவரே பொருத்த வேண்டும், சுடர் தரையிலிருந்து 450 மில்லிமீட்டருக்கு மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் பெற்றோல் ஆவி தரையோடு தவழும். ஒற்றைக் கராஜுக்கு 30,000 பி.ரி.யூ. ஹீற்றரே அளவுக்கு மிஞ்சியது. சில நிமிடம் எரிந்து அணைந்து மறுபடி எரிந்துகொண்டிருக்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக் குழாயைக் கராஜுக்கு நீட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதைக் கட்டட விதி அனுமதிப்பதில்லை, புகை அதே குழாய் வழியே படுக்கையறைக்கு வரும்.

ஹீற் பம்ப்பை என் கராஜில் வைத்துப் பார்த்ததில்லை என்பதால் அடக்கமாகவே சொல்கிறேன். ஒரு அலகு மின்சாரத்துக்கு இதமான குளிரில் மூன்று அலகும், கடுங்குளிரில் இரண்டை ஒட்டியும் வெப்பம் தரக்கூடியது என்பதால் கணக்கில் அதுவே வெல்கிறது. ஆனால் பல மாதிரிகளில் 16 பாகைக்குக் கீழே வைக்க முடியாது. 8 அல்லது 10 பாகையில் நிறுத்தும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். மரத்தூள் அதன் உள்ளலகின் மெல்லிய தகடுகளில் எவ்வளவு வேகமாக அடையும் என்பதுதான் என்னைத் தயங்க வைக்கிறது. என் ஹீற்றரிலும் தூள் படிகிறது. இலையுதிர் காலத்தில் முதன்முறை போடுவதற்கு முன், பிரேக்கரை அணைத்துவிட்டு வெக்யூமால் உறிஞ்சி எடுத்தால் போதுமானதாக இருக்கிறது.

மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் ஈரம் வர ஒரு வழி மீதமிருக்கிறது: காரின் அடியில் ஒட்டி வரும் பனி. அது உருகி உப்புத் தண்ணீராகத் தரையில் நின்று மெல்ல ஆவியாகும். சூடான கராஜில் அந்த உப்பு காரின் அடித்தகட்டையும் வேகமாக அரிக்கும். ரப்பர் துடைப்பானால் தண்ணீரைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு, வேலைமேசைக்குப் பக்கத்தில் மலிவான ஈரப்பதமானி ஒன்றை மாட்டி வையுங்கள். முள் 60 விழுக்காட்டைத் தாண்டினால் கதவைச் சில நிமிடம் முழுவதும் திறந்து காற்றை மாற்றிவிடலாம். வெளியே நல்ல குளிராக இருக்கும் நாளில் உள்ளே வருவது உலர்ந்த காற்றாகவே இருக்கும், ஏற்கெனவே சூடேறிய சுவரும் இரும்பும் அதை விரைவாகச் சூடாக்கிவிடும்.